கிரேக்க, இலத்தீன் செவ்வியல் இலக்கியத்தில் பட்டப்பின் படிப்பு: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த பட்டதாரிகளும் இறுதியாண்டு மாணவர்களும், சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோரும், பண்டைய கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைப் பட்டப்பின் மட்டத்தில் படிப்பது பற்றிக் கேட்கும் கேள்விகள் இங்கே விடைகளுடன் தரப்படுகின்றன. கட்டணம், இறுதித் திகதி போன்றவை ஆண்டுதோறும் மாறுவதால் அவற்றை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இந்தப் படிப்பில் எதைப் படிக்கிறார்கள்?

கிரேக்கப் பக்கத்தில் ஹோமரின் இலியட், ஒடிசி ஆகிய காவியங்கள், சாஃபோவின் பாடல்கள், ஏதென்ஸ் நகரின் நாடகங்கள், ஹெரோடோட்டஸ், தூசிடைடிஸ் ஆகியோரின் வரலாறுகள், பிளேட்டோவின் உரையாடல்கள். உரோமப் பக்கத்தில் வேர்ஜில், ஹொரஸ், ஓவிட் ஆகியோரின் கவிதைகள், சிசரோவின் உரைகள், டாசிட்டஸின் வரலாறு. இவை எல்லாவற்றையும் மூலமொழியிலேயே படிக்க வேண்டும் என்பதுதான் பட்டப்பின் படிப்பின் முதல் நிபந்தனை. இவற்றோடு யாப்பு, கல்வெட்டு, பப்பிரசு என்ற நாணற்புல் தாளில் எழுதப்பட்ட ஏடுகள், மூலபாட ஆய்வு ஆகியனவும் சேரும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பல ஏட்டுப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எது புலவன் எழுதிய பாடம், எது ஏடெழுதியவனின் பிழை என்று தீர்மானித்தார்களே, அந்த வேலையே மூலபாட ஆய்வு. அதற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டு மரபு உண்டு.

கேள்வி: உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் படித்திருக்கிறேன். அது போதுமா?

போதாது. அந்தப் பாடம் நல்ல அறிமுகம். ஆனால் அதில் மொழி கற்பிக்கப்படுவதில்லை. நாடகமும் அரங்கியலும் பாடத்தில் கிரேக்க அரங்கைப் பற்றிப் படித்தவர்களுக்கும் இதே விடைதான்.

கேள்வி: தமிழ் மூலம் படித்து, வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பட்டம் பெற்ற ஒருவர் இதற்கு விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். ஆனால் பட்டம் கிடைத்த மறு மாதமே விண்ணப்பிக்க முடியாது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கிரேக்கம், இலத்தீன் கற்பிக்கும் துறை இல்லை. தமிழ், வரலாறு, மெய்யியல், நாடகம், இஸ்லாமிய கற்கைகள், கிறிஸ்தவ நாகரிகம் போன்ற துறைகளில் பட்டம் பெற்றவர்கள், மொழிகளை வேறு வழியில் கற்று, கற்றதற்குச் சான்று காட்டிய பிறகே வெளிநாட்டுத் துறையொன்று அவர்களைக் கருத்தில் எடுக்கும்.

பட்டத்தின் தன்மையும் முக்கியம். மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தைவிட நான்காண்டுச் சிறப்புப் பட்டம் இந்த விடயத்தில் மிகவும் உதவும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டத்தையே எதிர்பார்க்கின்றன; பிரித்தானியாவில் பொதுவாக இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு அல்லது அதற்கு மேல் கேட்கப்படும். இரண்டாம் ஆண்டில் சிறப்புக் கற்கைக்குச் செல்வதா இல்லையா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

கேள்வி: இலங்கையிலேயே இதைப் படிக்க வழியில்லையா?

உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் செம்மொழிகள் துறையும், களனிப் பல்கலைக்கழகத்தின் மேலைச் செவ்வியல் பண்பாடு, கிறிஸ்தவப் பண்பாடு ஆகியவற்றுக்கான துறையும் இந்த மரபை நாட்டில் உயிரோடு வைத்திருக்கின்றன. பேராதனையில் நீண்ட காலம் கற்பித்த டி. பி. எம். வீரக்கொடி, கிரேக்கரும் உரோமரும் இலங்கையை, அதாவது அவர்கள் சொன்ன தப்ரபேனை, எப்படி அறிந்திருந்தார்கள் என்பதை ஆராய்ந்து எழுதிய நூல் 1997 இல் பெல்ஜியத்தில் வெளியானது. பார்வையற்ற அந்தப் பேராசிரியர் இத்தனை நுணுக்கமான நூலை எழுதியிருக்கிறார் என்பதை, வசதி போதாது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் வேளைகளில் நினைத்துப் பார்க்கலாம்.

முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி ஆகிய மட்டங்களில் சேர விரும்புபவர்கள், முதலில் துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, கற்பிக்கும் மொழி எது, மேற்பார்வை செய்யக்கூடியவர்கள் யார், கிரேக்கமோ இலத்தீனோ எந்த அளவு கற்றிருக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். என் கருத்தில், வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவருக்கும் பேராதனையிலோ களனியிலோ ஓரிரு ஆண்டு செலவிடுவது வீணல்ல. ஒரு செவ்வியல் அறிஞரின் பரிந்துரைக் கடிதம் வேறு எங்கும் கிடைக்காது.

கேள்வி: நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகள் நிறைய இருக்கின்றன. மொழிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இதுதான் மிகவும் அடிக்கடி வரும் கேள்வி. விண்ணப்பங்கள் தோற்பதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். ஓர் உதாரணத்துடன் விளக்குவது நல்லது.

இலியட்டில் அக்கிலீஸ் என்ற வீரன் சில இடங்களில் 'பொதஸ் ஓகுஸ் அகில்லெயுஸ்', அதாவது 'விரைந்த கால்களையுடைய அக்கிலீஸ்' என்று அழைக்கப்படுகிறான். வேறு இடங்களில் 'தியொஸ் அகில்லெயுஸ்', 'ஒளிமிக்க அக்கிலீஸ்' என்று வருகிறான். மொழிபெயர்ப்பில் படிக்கும் மாணவர், இங்கே ஏன் கால், அங்கே ஏன் ஒளி என்று யோசித்து, பாத்திரப் படைப்பில் ஏதோ நுட்பம் இருப்பதாக இருபது பக்கம் எழுதிவிடலாம். மூலத்தைப் படிப்பவர் முதலில் அடியை அலகிட்டுப் பார்ப்பார். அடியின் கடைசியில் எஞ்சியிருக்கும் இடம் நீளமாக இருந்தால் முதல் தொடர் வருகிறது. குறுகியதாக இருந்தால் இரண்டாவது வருகிறது. அக்கிலீஸ் ஓடாமல் உட்கார்ந்திருக்கும்போதும் கால்கள் விரைந்தவையாகவே இருக்கும். மில்மன் பரி என்ற அமெரிக்க அறிஞர் இதை முறையாக நிறுவி, 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் எழுத்தறியாத பாடகர்களிடம் நீண்ட கதைப்பாடல்களைப் பதிவுசெய்து, ஹோமரின் மொழி வாய்மொழிப் பாடகர் மரபில் உருவான மொழி என்று வாதிட்டார். அவருடைய மாணவர் அல்பேர்ட் லோர்ட் 1960 இல் அந்த ஆய்வை விரித்து எழுதினார். இருபதாம் நூற்றாண்டு ஹோமர் ஆய்வின் போக்கையே மாற்றிய இந்தக் கண்டுபிடிப்பு எந்த மொழிபெயர்ப்பிலும் கண்ணுக்குத் தெரியாது. தெரிவுக் குழுக்களுக்கு இது தெரியும் என்பதால்தான் அவர்கள் ஆர்வத்தைவிட மொழியறிவை முதலில் பார்க்கிறார்கள்.

பொதுவாக, கலாநிதிப் படிப்புக்குப் போகிறவர் ஒரு மொழியில் மூன்று ஆண்டும் மற்றதில் இரண்டு ஆண்டுமாவது கற்றிருப்பது எதிர்பார்க்கப்படுகிறது. முதுமாணிக்கு இதைவிடக் குறைவாக இருந்தாலும் ஏற்கும் இடங்கள் உண்டு.

கேள்வி: கிரேக்கமா, இலத்தீனா, எதை முதலில் தொடங்குவது?

எதன் இலக்கியம் உங்களை இழுக்கிறதோ அதை. இரண்டும் ஒரே அளவு இழுத்தால் இலத்தீனைத் தொடங்குங்கள். ஆசிரியர் கிடைக்கும் வாய்ப்பு அதற்குத்தான் நம் பகுதியில் கூடுதல்.

கேள்வி: மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்த மொழிகளை எப்படிக் கற்பது?

முதல் வழி, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்ப்பது. கத்தோலிக்கக் குருமாருக்கான பயிற்சியில் இலத்தீனுக்கு நெடுங்காலமாக இடம் உண்டு. உரோமில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய குருமார் நம் மறைமாவட்டத்திலும் இருப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் நிறைவுறுவதற்கு முன் பூசை இலத்தீனிலேயே நடந்ததால், புளியந்தீவிலும் தாண்டவன்வெளியிலும் உள்ள வயது முதிர்ந்தவர்களில் சிலர் 'தாந்தும் எர்கோ' பாடலை இன்றும் மனப்பாடமாகப் பாடுவார்கள். அது தேவாலய இலத்தீன். உச்சரிப்பிலும் சொல்வளத்திலும் சிசரோவின் இலத்தீனிலிருந்து சற்று வேறுபடும். ஆனாலும் இலக்கணம் ஒன்றே. வாரத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து திருத்தித் தரக்கூடிய ஒரு குருவானவர் கிடைத்தால், முதலாம் ஆண்டுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. நீங்கள் எந்தச் சமயத்தவர் என்பது இதற்குத் தடையாக இருப்பதை நான் கண்டதில்லை.

இரண்டாவது வழி, இணையம். இலத்தீனுக்கு வீலொக் எழுதிய பாடநூலும், டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்பேர்க் முழுக்க இலத்தீனிலேயே எழுதிய பாடநூலும் உலகெங்கும் பயன்படுகின்றன. முன்னது இலக்கணத்தை விளக்கிப் பயிற்சி தருகிறது; பின்னது கதையை வாசிக்க வைத்து இலக்கணத்தை ஊகிக்க விடுகிறது. ஆங்கிலம் தடுமாறும் ஒருவருக்கு ஓர்பேர்க் எதிர்பாராத அளவு பொருந்தும், ஏனெனில் அதில் ஆங்கிலமே இல்லை. மூலநூல்களுக்கு டவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பேர்சியஸ் மின்நூலகம் இலவசம். அதில் எந்தச் சொல்லை அழுத்தினாலும் அதன் இலக்கண வடிவம் காட்டப்படும். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் லோகெயோன், லிடல் ஸ்கொட் கிரேக்க அகராதி உட்படப் பல பெரிய அகராதிகளை ஒரே இடத்தில், கைபேசியிலும், தருகிறது. மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் லோப் வரிசை 1911 இல் தொடங்கியது. கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, இலத்தீனுக்குச் சிவப்பு. அதன் பழைய தொகுதிகள் காப்புரிமை நீங்கி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த வசதிகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. சொல்லை அழுத்தி அழுத்திப் படிப்பவருக்குப் படித்த மாதிரி இருக்கும், கற்றது நிற்காது. ஒரு நாளுக்கு ஐந்து அடி போதும். அதை ஒரு தாளில் வரிகளுக்கிடையே நிறைய இடம் விட்டுக் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு வினையின் அடியிலும் அதன் இடம், எண், காலத்தையும், ஒவ்வொரு பெயரின் அடியிலும் வேற்றுமையையும் பென்சிலால் குறியுங்கள். அதன் பிறகே அகராதியைத் திறவுங்கள். அடுத்த நாள் குறிப்பில்லாத தாளில் அதே ஐந்து அடியை வாய்விட்டு வாசித்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தடுக்கிய இடத்தைத் திரும்பக் கற்ற பிறகே ஆறாவது அடிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, கட்டணம் செலுத்திச் சேரும் இணையவழி வகுப்பு. இதற்குப் பணம் போகும். ஆனால் புள்ளி அறிக்கையுடன் கூடிய ஒரு சான்று கிடைக்கும். தானாகக் கற்றேன் என்ற சொல்லை எந்தத் தெரிவுக் குழுவும் அப்படியே ஏற்பதில்லை.

கேள்வி: தமிழ் தெரிந்திருப்பது இந்த மொழிகளுக்கு உதவுமா?

பலர் நினைப்பதைவிட அதிகமாக உதவும். ஆங்கில மாணவர் வேற்றுமை என்றால் என்ன என்பதையே புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. நமக்கு ஆறாம் வகுப்பிலேயே எட்டு வேற்றுமையும் வந்துவிடும். கிரேக்கத்தில் ஐந்து, இலத்தீனில் ஆறு, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழாவதின் எச்சம். கிரேக்க நெடுங்கணக்கில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனித்தனி எழுத்து இருப்பதைப் பார்த்துத் தமிழ் மாணவர் வியப்பதில்லை. செய்யுளில் குறிலும் நெடிலும் ஒற்றும் எடை போடப்படுவதும் அப்படியே. அசை பிரிக்கும் விதிகள் வேறு என்றாலும், காது முன்னமே பழகியிருக்கிறது. வினையெச்சங்களையும் பெயரெச்சங்களையும் சங்கிலியாகக் கோத்து, முற்றுவினை வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் பழக்கம் நமக்கு உண்டு என்பதால், எச்சங்கள் நிறைந்த கிரேக்க உரைநடையும், வினையைக் கடைசியில் வைக்க விரும்பும் சிசரோவின் நீண்ட வாக்கியமும் அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை.

உண்மையில் கடினமானவை வேறு. கிரேக்க வினைக்குப் பல காலங்களும், விருப்பம் முதலிய பொருளைக் காட்டும் தனித்தனி வடிவங்களும் உண்டு. அவற்றின் பட்டியலைக் குறுக்கு வழியின்றி மனனம் செய்ய வேண்டும். பெயர்களின் பால், பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாதது. இலத்தீனில் மேசை பெண்பால். அஃறிணையைத் தனியே வைத்துப் பழகிய நமக்கு இது நெடுநாள் உறுத்தும்.

கேள்வி: எங்கள் மாவட்டங்களில் இருந்து போகும் ஒருவர் எந்தத் தலைப்பில் ஆய்வு செய்யலாம்?

ஹோமரைப் பற்றியோ வேர்ஜிலைப் பற்றியோ தமிழோடு தொடர்பில்லாத தூய செவ்வியல் தலைப்பு ஒன்றை எடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தமிழர் என்பதற்காக ஒப்பீடுதான் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டியதில்லை. ஆயினும் ஒப்பீட்டில் நமக்கு ஒரு முன்மரபு இருப்பதால் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

க. கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க அறிஞரின் மேற்பார்வையில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். அந்த ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்டில் ஆங்கில நூலாக வெளியானது. புறநானூறு முதலிய பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் பரியும் லோர்டும் காட்டிய முறையில் ஆராய்ந்து, அவற்றைப் பாணர் மரபின் வாய்மொழிப் பாடல்களாக அவர் கண்டார். பின்னர் ஜோர்ஜ் ஹார்ட் போன்றவர்கள், சங்கப் புலவர்கள் எழுத்தறிந்தவர்கள், பாணரைப் பின்பற்றிப் பாடியவர்கள் என்று மறுத்தார்கள். அந்த விவாதம் இன்னும் தீர்ந்துவிடவில்லை. கா. சிவத்தம்பியும் அதே தொம்சனிடம்தான், பண்டைய தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற தலைப்பில், கிரேக்க நாடகத்தின் தோற்றத்தை ஒப்பிட்டு ஆய்வு செய்தார். தொம்சன் அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவில் மீனவக் கதைசொல்லிகளோடு பழகி அவர்களுடைய மொழியை நன்கு கற்றவர். ஏட்டுப் படிப்போடு நில்லாத அத்தகைய ஒருவரிடம் நம் இரு பேராசிரியர்களும் போய்ச் சேர்ந்தது தற்செயலாக இருந்தாலும் பொருத்தமானதே.

அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்க மட்டக்களப்பில் பொருள் குறைவில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, பிற்பாட்டுக்காரர் கூத்தரின் வரியை எடுத்துத் திருப்பிப் பாடுவதையும், ஏதென்ஸ் நாடகத்தில் பாடியாடும் குழுவினர் வட்டக்களத்தில் நிற்பதையும் ஒப்பிடலாம். ஆனால் 'இரண்டிலும் பாட்டுக்குழு உண்டு' என்பது ஆய்வு முடிவாகாது. ஏதென்ஸ் குழு கதைக்குள் ஒரு பாத்திரம்: நகரத்து முதியோராகவோ, சிறைப்பட்ட பெண்களாகவோ வந்து தன் கருத்தையும் சொல்லும். நம் பிற்பாட்டுக்காரர் கதைக்கு வெளியே நிற்பவர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. அதேபோல, வைகாசிச் சடங்கில் கண்ணகி கோயில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரையை, விழாக்களில் ஹோமரைப் பாடிய கிரேக்கப் பாடகர்களோடு வைத்துப் பார்க்கலாம். கிரேக்க இரங்கற் பாடலை மார்கரெட் அலெக்சியு 1974 இல் பண்டைக் காலத்திலிருந்து இன்றைய கிராமம்வரை தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார். ஒப்பாரியை அறிந்த ஒருவர் அந்த நூலை வாசித்தால் தலைப்புக்குத் திண்டாட மாட்டார்.

இலத்தீனில் இன்னொரு வயல் பெரும்பாலும் தரிசாகவே கிடக்கிறது. ஐரோப்பியத் துறவிகள் தமிழைப் பற்றி இலத்தீனில் எழுதியவை அவை. வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730 இல் இலத்தீனில் மொழிபெயர்த்தார்; கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738 இல் தரங்கம்பாடியில் அச்சானது. இவற்றைச் சரிவர ஆராய இரண்டு மொழியும் வேண்டும். இரண்டும் அறிந்தவர்கள் உலகில் மிகச் சிலரே. இந்த ஒரு காரணத்துக்காகவே இலத்தீனைத் தொடங்கினாலும் தகும்.

கேள்வி: நான் சம்மாந்துறையைச் சேர்ந்தவன், மத்ரசாவில் அரபு கற்றேன். எனக்கு இதில் இடம் உண்டா?

உங்களுக்கு உள்ள இடம் பலருக்கு இல்லை. கி.பி. 8 ஆம் நூற்றாண்டு முதல் 10 ஆம் நூற்றாண்டு வரை பக்தாத்தில் கிரேக்க மருத்துவமும் மெய்யியலும் பெருமளவில் அரபுக்கு மாற்றப்பட்டன. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கேலனின் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். அரிஸ்டோட்டிலின் கவிதையியல், சிரியாக் என்ற மேற்காசிய மொழி வழியாக மத்தா இப்னு யூனுஸ் என்பவரால் அரபுக்கு வந்தது. அதற்கு இப்னு ருஷ்து எழுதிய விளக்கம் 1256 இல் இலத்தீனுக்குப் போனது. கிரேக்கம், அரபு, இலத்தீன் மூன்றும் சேரும் இந்தத் துறையில் அரபு நன்றாகத் தெரிந்த மாணவரைத் தேடுகிறார்கள். அரபில் ஏற்கெனவே அடித்தளம் உள்ளவர் கிரேக்கத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் மிச்சம். ஒலுவிலில் இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்குமான பீடம் இருப்பது நம் பகுதிக்குக் கிடைத்த வாய்ப்பு.

கேள்வி: யவனர் வணிகத்தை ஆராய விரும்புகிறேன். அது இதில் அடங்குமா?

ஓரளவு. அகநானூறு 149 ஆம் பாடலில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு பெயர்வதும், முசிறிக்குப் போகும் கப்பல் வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் கிரேக்க மொழியில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் உள்ள பப்பிரசில் இருப்பதும், உரோம எழுத்தாளர் பிளினி தன் நூலின் ஆறாம் பகுதியில் தப்ரபேன் தூதர்களைப் பற்றி எழுதியிருப்பதும் உண்மைதான். ஆனால் இது பெரும்பாலும் பண்டைய வரலாறு, தொல்லியல் துறைகளின் பொருள். இலக்கியத் துறைக்கு விண்ணப்பிக்கும்போது இதையே முதன்மைத் தலைப்பாக வைத்தால், வேறு துறைக்குப் போங்கள் என்ற பதில் வரலாம்.

கேள்வி: எந்த நாடு நல்லது?

மொழியில் ஏற்கெனவே தேர்ந்தவருக்கு ஒக்ஸ்போர்டின் ஒன்பது மாத முதுமாணியும் கேம்பிரிட்ஜின் ஓராண்டு முதுதத்துவமாணியும் சிறந்தவை; வேகம் மிக அதிகம், தடுக்கி விழுந்தால் எழும்ப நேரமிருக்காது. ஒக்ஸ்போர்டில் இரண்டாண்டு முதுதத்துவமாணியும் உண்டு. பணம் கிடைத்தால் நம் மாணவருக்கு அதுவே பொருத்தம். பிரித்தானியாவில் கலாநிதிப் பட்டம் மூன்று முதல் நான்கு ஆண்டுகள். ஆய்வேடு மட்டுமே, வகுப்புகள் இல்லை.

அமெரிக்காவில் கலாநிதிப் படிப்பு ஐந்து ஆண்டுக்கு மேல் போகும். முதல் ஆண்டுகள் வகுப்பும் பரீட்சையும். நீண்ட வாசிப்புப் பட்டியல் ஒன்றிலிருந்து, அகராதியில்லாமல் மொழிபெயர்க்கும் பரீட்சைகள் வரும். பெரிய பல்கலைக்கழகங்களில் கலாநிதி மாணவருக்குக் கட்டணம் விலக்கப்பட்டு, கற்பித்தலுக்கு ஈடாகப் படிச்செலவும் வழங்கப்படுவதால், குடும்பத்தின் கையில் பணமில்லாதவருக்கு இதுவே நடைமுறைக்கு ஏற்ற வழி. மொழி போதாத பட்டதாரிகளுக்கு பென்சில்வேனியா போன்ற இடங்களில் ஓரிரு ஆண்டு ஆயத்தக் கற்கையும் இருக்கிறது. அதற்கு உதவித்தொகை அரிது.

ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் அரச பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் இத்துறை ஜெர்மன் மொழியிலேயே கற்பிக்கப்படுகிறது. எப்படியும் ஜெர்மன் கற்றே ஆக வேண்டும். இத்துறையின் பெரும் உரைகளும் ஆய்வுகளும் அதில் இருப்பதால், அமெரிக்கத் துறைகளும் ஜெர்மனோடு பிரெஞ்சு அல்லது இத்தாலியனில் வாசிப்புப் பரீட்சை வைக்கின்றன.

கேள்வி: புலமைப்பரிசில்கள்?

ஒக்ஸ்போர்டின் கிளாரெண்டன், கேம்பிரிட்ஜின் கேட்ஸ் ஆகியவை எந்தத் துறைக்கும் திறந்தவை, போட்டி கடுமை. பிரித்தானிய அரசின் சீவ்னிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிக்கு உதவும். இரண்டாண்டு வேலை அனுபவமும், முடிந்தபின் நாடு திரும்பி இரண்டாண்டு இருப்பதும் அதன் நிபந்தனைகள். பொதுநலவாயப் புலமைப்பரிசில் அபிவிருத்தி நோக்குடைய தலைப்புகளுக்கே முன்னுரிமை தருவதால் ஹோமரை அங்கே கொண்டுபோவது சிரமம். பணத்தை வாங்கிக்கொண்டு இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லும் முகவர்களிடம் போக வேண்டாம்; இத்துறையில் அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

கேள்வி: விண்ணப்பத்தில் எது முக்கியம்?

எழுத்து மாதிரி. பதினைந்து இருபது பக்கத்தில், மூலமொழியிலுள்ள ஒரு சிறு பகுதியை எடுத்து நுணுகி ஆராய்ந்த கட்டுரை. 'கிரேக்க நாடகமும் தமிழ்க் கூத்தும்' என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளை அளக்கும் கட்டுரையைவிட, சோஃபக்கிளீசின் எஞ்சியுள்ள ஏழு நாடகங்களில் ஒன்றில் வரும் ஒரே ஒரு குழுப்பாடலைப் பற்றி எழுதியது பத்து மடங்கு மதிக்கப்படும். நோக்கக் கூற்றில், அதாவது ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதும் கடிதத்தில், சிறுவயது ஆர்வத்தை இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம். எந்தெந்த நூல்களை மூலத்தில் எத்தனை பக்கம் வாசித்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மூன்று பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது உங்களுக்குக் கிரேக்கமோ இலத்தீனோ கற்பித்தவரிடமிருந்து வர வேண்டும். ஆங்கிலத் தகைமைக்கு ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் பல இடங்களில் 7.0 அல்லது 7.5 கேட்பார்கள்.

கேள்வி: படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

செவ்வியல் துறை விரிவுரையாளர் பதவி உலகெங்கும் அரிது. இலங்கையில் ஒரு கையால் எண்ணிவிடலாம். ஒப்பிலக்கியமாகவோ நாடகமாகவோ மெய்யியல் வரலாறாகவோ ஆய்வை அமைத்துக்கொண்டவர், கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உட்பட, தமிழ், நாடகம், மெய்யியல், சமயக் கற்கைகள் ஆகிய துறைகளின் வெற்றிடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். கலாநிதிப் பட்டம் முடியும் வயதில் கையில் நிரந்தர வேலை இல்லாமல் இருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு ஆசிரியர் நியமனம் வரும் போலிருக்கிறது. அதை விட்டுவிட்டு இதைப் படிக்கப் போகிறேன் என்கிறாள். விடலாமா?

நியமனம் வந்தால் அவர் அதை ஏற்றுக்கொள்ளட்டும். மொழிகளுக்கு எப்படியும் இரண்டு மூன்று ஆண்டு வேண்டும். பாடசாலை முடிந்த மாலைகளில் அந்த வேலையைச் செய்ய முடியும், சம்பளத்தில் இணையவழி வகுப்புக்கும் பணம் கட்டலாம். பதவி நிரந்தரமான பிறகு கல்வி விடுமுறைக்கான விதிகளை வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம். வேலை அனுபவம் சீவ்னிங் போன்றவற்றுக்கும் கணக்கில் வரும். இரண்டு ஆண்டுக்குப் பிறகும் மாலையில் அந்த ஐந்து அடியை விடாமல் எழுதிக்கொண்டிருந்தால், தடுக்காமல் அனுப்புங்கள்.

கேள்வி: வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. காலம் போய்விட்டதா?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வயதெல்லை இல்லை. சில புலமைப்பரிசில்களில் மட்டும் உண்டு.

கேள்வி: விண்ணப்பிக்கும் ஆண்டை எப்படித் திட்டமிடுவது?

அமெரிக்காவிலும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜிலும் அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கும் படிப்புக்கு டிசெம்பர் முதல் ஜனவரித் தொடக்கம் வரை விண்ணப்பம் முடிந்துவிடும்; அதற்குப் பின் அனுப்பினால் இடம் கிடைத்தாலும் பணம் கிடைக்காது. ஆகவே வைகாசி, ஆனி மாதங்களில் எழுத்து மாதிரியின் முதல் வரைவு கையில் இருக்க வேண்டும். ஓகஸ்டில் ஆங்கிலப் பரீட்சையை எழுதிவிடுங்கள். செப்டெம்பரில் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களிடம் வரைவையும் நோக்கக் கூற்றையும் கொடுத்துவிடுங்கள்; நொவெம்பரில் மழை தொடங்கி வெள்ளம் வந்தால் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால், பட்டச் சான்றிதழ், புள்ளி அறிக்கை ஆகியவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் ஒக்டோபருக்குள் பெற்று, வருடிப் பதிவேற்றி முடித்துவிடுவது நல்லது. அமெரிக்க விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்த முடியாதவர்கள், விலக்குக் கேட்டுத் துறைக்கு மின்னஞ்சல் எழுதலாம். நேரத்தோடு கேட்டால் பல இடங்களில் தருவார்கள்.